பள்ளம் விழுந்த டிஸ்க்

என் தங்கச்சி புருஷனுக்கு லாரி ஷெட்டில் வேலை. பழைய டிஸ்க்கைத் தேய்த்து, தட்டி, இன்னும் ஓடுமா, உருக்கத்தான் போகணுமா என்று பார்த்துச் சொல்லணும். டிஸ்க் என்றால் டயரைத் தாங்கும் இரும்புச் சக்கரம். தனியாளாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். ஷெட்டில் அவருக்கு ‘ஸ்கேன்’ என்று பட்டப்பேர். இந்த வேலைக்கு எல்லா ஷெட்டிலும் ஆள் உண்டு. ஆனால் வேலையை வீட்டுக்குக் கூட்டிவந்து குடிவைத்த மனுஷன் இவர் ஒருத்தர்தான்.

கழித்துப் போட்ட டிஸ்க்கில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் போதும், உருக்க அனுப்ப மனசு வராது. ஒன்றில் வெல்டிங் இருக்கவேண்டிய இடத்தில் ரிவெட் அடித்திருக்கும். ஒன்றில் கைவிட்டுத் தூக்குகிற ஓட்டை வட்டமாக இல்லாமல் அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். இன்னொன்றில் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவில் காரணமே இல்லாமல் இன்னொரு வரிசை ஓட்டை. “எந்த வண்டியோடதுன்னு தெரிஞ்சதும் அனுப்பிடறேன்” என்பார். தெரியவும் தெரியாது, அனுப்பவும் மாட்டார். பின்னறையில் கட்டிலைச் சுவரோடு சாய்த்துவிட்டு அதன் முன்னால் அடுக்கி அடுக்கியே, கடைசியில் ஜன்னல் வெளிச்சம்கூட மறைந்து போச்சு.

ஒருநாள் தலைபோகிற அவசரம். அவங்க மகளின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. கைக்குழந்தையோடு அன்றைக்குச் சாயங்காலமே அப்பா வீட்டுக்கு வருகிறாள். தங்க அந்தப் பின்னறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

“அண்ணே, வண்டியை எடுத்துட்டு வா. அந்த இரும்பு போகணும், இல்லேன்னா நான் போகணும்” என்று தங்கச்சி போனில் கத்தினாள். நான் பழைய இரும்பு ஏற்றுகிற சின்ன வண்டி வைத்திருக்கிறேன். போனேன்.

ஒவ்வொரு டிஸ்க்கும் வாசல்படி தாண்டுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தூக்கப் போனால், “மச்சான், ஒரு நிமிஷம்” என்று குறுக்கே உட்கார்ந்துகொள்வார். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பூசுவார். கீறல் இருந்தால் அந்த வெள்ளையில் எண்ணெய் கசிந்து கறுப்புக் கோடாக எழும்பும். அதுதான் அவரது சோதனை.

“மாப்பிள்ளை, உருக்கப் போற இரும்புல கீறல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“தெரியாம அனுப்பக் கூடாது மச்சான்.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் முகத்தை ஒருநாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பீங்களா?” என்றாள் தங்கச்சி, துடைப்பத்தோடு.

“உன்மேல கீறல் இல்லியே.”

சொன்னவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பதா, துடைப்பத்தைத் திருப்பிப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

கடைசி டிஸ்க்கில் வந்து வேலை நின்றது. மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர் இதை மட்டும் மடியில் போட்டுக்கொண்டார். கைவிடுகிற ஓட்டைகளில் ஒன்றின் ஓரத்தில், விரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம். வழுவழு என்று தேய்ந்திருந்தது. மற்ற ஓட்டைகளில் இல்லை.

“ஏதோ செயின் ஓடியிருக்கு மச்சான். அந்தக் காலத்துல சக்கரத்துலேர்ந்தே செயின் போட்டு எதையோ சுத்த வெச்சிருக்கான். இப்படி நான் பாத்ததே இல்ல.”

“மணி என்ன ஆகுது மாப்பிள்ளை!”

“ஒரே ஓட்டையில மட்டும் ஏன் தேஞ்சிருக்குன்னு யோசிங்க.”

தங்கச்சி துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். “எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க இதை?”

“ஷெட்டுக்குப் பக்கத்துல, லாரியை எடை போடுவாங்களே, அந்த மூடிப்போன எடைமேடையில கிடந்தது.”

“அட கடவுளே! அங்கே கேட் பக்கத்துல ஒரு செவலை நாய் கிடக்குமே, அதை இதுலதானே கட்டிப் போட்டிருந்தாங்க! உங்களுக்குச் சோறு கொண்டுவர்றப்ப எல்லாம் என்னைப் பாத்து இதையும் இழுத்துக்கிட்டுப் பாயும். அந்தச் சங்கிலி அறுத்த பள்ளம் இது. செயினாம், சுத்துதாம்!”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மனுஷன் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் பள்ளத்தைத் தடவிக்கொண்டே, “இரும்பே தேயுதுன்னா அது எத்தனை வருஷம் இழுத்திருக்கணும்?” என்றார். நான் அதைப் பிடுங்கி வண்டியில் போட்டேன்.

அறையைக் கழுவி, கட்டிலை இறக்கிப் போட்டோம். இரும்புக் கட்டில். மெத்தை விரிக்கும்போதே ஆட்டோ வந்துவிட்டது. மகள் குழந்தையோடு இறங்கி, “மாமா, நல்லா இருக்கீங்களா? தூங்கிட்டான், படுக்க வெக்கணும்” என்று நேரே உள்ளே வந்தாள்.

“நில்லு” என்றார் அப்பாக்காரர். கட்டிலை ஒரு ஆட்டு ஆட்டினார். மெத்தையைச் சுருட்டினார். மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்தார்.

“பச்சைக்குழந்தை வந்த அறையில மண்ணெண்ணெயா?” தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். நான் மகளை வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். கை வலிக்க அவள் குழந்தையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். உள்ளே சாக்பீஸ் கரகரக்கிற சத்தம்.

“மச்சான், இங்கே வாங்க.”

தலைமாட்டுப் பக்கம், காலும் சட்டமும் சேருகிற வெல்டிங்கை ஒட்டி வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு மிதி மிதித்தார். கால் மடங்கிக் கட்டில் ஒரு பக்கமாகச் சரிந்தது.

தங்கச்சி தரையை இன்னொரு தடவை துடைத்து, ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள். வாடை போனதும் மெத்தையைத் தரையில் விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாள். இத்தனை இரும்பையும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்த மனுஷன், அந்தக் கட்டிலை மட்டும் தானே கழற்றித் தூக்கிவந்து என் வண்டியில் ஏற்றினார்.

ஏற்ற இடம் பத்தவில்லையாம். நாய் கட்டியிருந்த டிஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டார்.

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள், பிறகு அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள்.

“வாசலோட நிக்கட்டும். உள்ளே வந்தா உங்களை அதுலயே கட்டிப் போட்டுடுவேன்” என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பினேன். வேறென்ன செய்ய?