சீல் எண் ஒத்துவராத நாள்

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பு என்னிடம் இருந்தது. எங்களுக்கு வருவது வெளிநாட்டுத் துணி. தைத்த உடுப்பு மறுபடி வெளிநாட்டுக்கே போவதால், துறைமுகத்தில் வரி வாங்கமாட்டார்கள். கன்டெய்னர் கதவில் சுங்கச் சீலைப் பூட்டி நேரே மலைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சீலை வெட்டச் சுங்க அதிகாரிக்கு மட்டுமே உரிமை. சீலில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அன்று காலையிலிருந்தே மழை. தையல் பகுதியில் துணி தீர்ந்து, பெண்கள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். லொறி வந்ததும் குடையோடு ஓடினேன். தாளைப் பார்த்தேன், சீலைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கங்களும் வேறாக இருந்தன. ஈரக் கையால் சீலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வேறுதான்.

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள்.

"என்னண்ணே இது, நம்பர் மாறியிருக்கே?"

"போர்ட்ல கதவத் தொறந்து செக் பண்ணாங்க மிஸ். பழைய சீல வெட்டிட்டுப் புதுசு போட்டாங்க. தாள்லயும் மாத்தி எழுதிட்டாங்கன்னு நெனச்சேன். நான் பாக்காம வந்துட்டேன்."

மனேஜருக்கு அது கதையாகப் பட்டது. வழியில் கதவைத் திறந்து துணியை இறக்கியிருப்பான், பொலிசைக் கூப்பிடு என்று சிங்களத்தில் கத்தினார். கண்டியிலிருந்து வரவேண்டிய சுங்க அதிகாரியோ, நாவலப்பிட்டியில் மண் சரிந்து பாதையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் வரட்டும் சேர். அதுவரைக்கும் பொறுப்போம்" என்றேன்.

"சரி. அவன் பையைப் பார். சீல் வெட்டுகிற சாமான் ஏதாவது இருக்கும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் அந்த மனுஷன் மேல் சந்தேகம் இருந்தது, அதுதான் உண்மை.

டிரைவர் பையை நீட்டினார். காவலாளி அறை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். உடுத்த ஒரு சாரம், துவாய், பிரஷர் மாத்திரை, ஒரு பெட்டியில் சின்னப் பிள்ளையின் காலுக்குப் புதுச் சப்பாத்து. சப்பாத்துக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேன். கசங்கிய காகிதம்தான் வந்தது. அவர் வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்துசேரப் பகல் இரண்டு மணியானது. அதுவரை டிரைவர் லொறிக் கதவடியை விட்டு நகரவில்லை. தேத்தண்ணி அனுப்பினேன், வேண்டாம் என்று திருப்பிவிட்டார். அதிகாரி சீலை இழுத்துப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார், கொழும்புக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் யாரோ பதிவைத் தேடுகிறார்கள் போலும். அதிகாரி காதில் போனை வைத்தபடி நின்றார். மனேஜர் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

போனை வைத்துவிட்டு அதிகாரி சிங்களத்தில் சொன்னார். துறைமுகப் பதிவில் புது எண்தான் இருக்கிறது. தாளில் மாற்றி எழுத மறந்தது அங்கிருந்தவர்களின் பிழை. இவர்மேல் குற்றமில்லை.

சீலை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். துணி ரோல்களை இறக்கி எண்ணினோம், ஒன்றும் குறையவில்லை. மனேஜர் உள்ளே போய்விட்டார். டிரைவரிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "மன்னிச்சிருங்கண்ணே."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அந்த ஐயா சந்தேகப்பட்டாரு, சரி. நீங்களும் எங்களப் போல தோட்டத்து லயத்துல பொறந்த புள்ளதானே மிஸ்? சப்பாத்துக்குள்ளயும் கைய விட்டுட்டீங்களே."

அவர் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த லோடை வேறொரு டிரைவர் கொண்டுவந்தார். பழைய ஆள் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.