மாசி வெயிலை நம்பியவன்

இன்று காலை குசினிக்குள் போனபோது ஒரு மணம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மருமகள் பயற்றை நனைத்து ஈரத்துணியில் கட்டி வைத்திருந்தாள், முளை வந்திருந்தது. உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிற சாப்பாடு. நான் அதைத் தொடுவதில்லை. "ஏன் மாமா, பயறு உங்களுக்கு ஒத்துவராதோ?" என்று ஒருதரம் கேட்டாள். "ஓம் பிள்ளை, வயித்துக்குச் சரிவராது" என்று சொல்லிவைத்தேன். பொய்தான். வயிற்றில் ஒரு குறையும் இல்லை.

இங்கே ரொறன்ரோவில் மார்ச் ஒரு கோணங்கி மாதம். காலையில் பனி கொட்டும், மத்தியானம் வெயில் எறிக்கும், கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்தால் மழை வரும். இந்த ஊர்க்காரர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் புதுமையில்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே எங்கள் தீவுப் பக்கத்து மாசிக்கும் இதே குணம்தான், பனிக்கட்டி ஒன்றுதான் குறை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். நாரந்தனையில் எங்கள் கிணற்றடியில் விடியற்காலம் நின்றால் வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒன்பது மணிக்கு அந்த மூட்டம் போன இடம் தெரியாமல் வெயில் மண்டையைப் பிளக்கும். வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், தென்மேற்குச் சோழகம் இன்னும் எழும்பியிராது. நடுவில் காற்று தன் எண்ணத்துக்குத் திரியும். நெடுந்தீவில் மழை பெய்யும்போது நயினாதீவில் கொடியில் உடுப்புக் காயும். அனலைதீவிலிருந்து வள்ளத்தில் வந்தவர்கள் தெப்பமாய் நனைந்து ஊர்காவற்றுறையில் இறங்குவார்கள். துறையில் நிற்பவர்கள் வியர்வையைத் துடைத்தபடி அவர்களைப் பார்ப்பார்கள்.

அந்த மாதத்தில்தான் எங்களுக்கு அறுவடை. வெட்டிய நெல்லைப் பிடிபிடியாக வயலில் பரப்பிவிடுவோம். இரண்டு நாள் காய்ந்ததும் கட்டுகளாகக் கட்டி, கதிர் உள்ளே இருக்கும்படி வட்டமாக அடுக்கி உயர்த்தினால் அது சூடு. சூடு வைத்தபிறகு மழை வந்தாலும் பயமில்லை. வெட்டுக்கும் சூட்டுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு நாளைத்தான் நம்ப முடியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காணி பிரிக்காத காணி என்பதால், சூட்டின் முதல் கட்டைச் சகோதரர் எல்லோரும் ஒன்றாகத் தூக்கி வைக்கவேண்டும். ஐயா தன் தம்பிமாரோடு வைத்தவர். ஐயா போனபிறகு அண்ணையும் நானும் வைத்தோம். அண்ணை வயலோடு இருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். பட்டணத்திலேயே அறை எடுத்திருந்தேன். சேட்டுக் கையை நான் மடித்துவிடுகிற அழகை ஊரே பார்க்கிறது என்று நம்பிய வயது. "தம்பியுடையான் படைக்கஞ்சான்" என்று அண்ணை நாலு பேர் முன்னால் என்னைக் காட்டிச் சொல்லுவார். பாதி பகிடி, பாதி பெருமை.

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி. நெல் வெட்டியாயிற்று, சனி காலை வா, சூடு வைக்கவேண்டும் என்று அண்ணை ஆளனுப்பியிருந்தார். சனி காலை அறை யன்னலைத் திறந்து பார்த்தேன். வானத்தில் பருத்திப் பஞ்சளவு முகில்கூட இல்லை. அன்று பின்னேரம் கூட்டாளிகள் படத்துக்குப் போவதாக இருந்தார்கள். இந்த வெயிலில் ஒரு நாள் கூடக் காய்ந்தால் நெல்லுக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு படத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்து வானத்தைப் பார்த்துத் தீவுக்குத் தீர்ப்புச் சொன்னேன். தீவில் பிறந்தவன் செய்யக்கூடாத பிழை அது.

ஞாயிறு முதல் பஸ்ஸில் ஏறினேன். மண்டைதீவுச் சந்தி வரையும் வீதியில் தூசி பறந்தது. அல்லைப்பிட்டி கழிந்ததும் வீதியோரத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. யாரோ வாளியால் ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன், மூளை அவ்வளவுதான். அடுத்த வளைவில் பள்ளமெல்லாம் தண்ணீர். அதன் பிறகு நான் வெளியே பார்க்கவில்லை.

அண்ணை வரம்பில் நின்றார். பரப்பியிருந்த நெல் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது.

"வந்திட்டியோ?" என்றார்.

"அண்ணை, அங்கை ஒரு துளியும் விழேல்லை."

"ஓம். இஞ்சைதான் பெஞ்சது. நேற்றுப் பின்னேரம் பிடிச்ச மழை."

அப்போதுதான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. "கந்தோரிலை லீவு தரேல்லை அண்ணை. சனிக்கிழமையும் வரச்சொல்லிப் போட்டினம்."

அண்ணை என்னைப் பார்த்தார். "அதுக்கு நீ என்ன செய்யிறது. உத்தியோகமெல்லோ முக்கியம்" என்றார். "ஈரத்தோடை சூடு வைக்கேலாது, அவிஞ்சு போகும். வெயில் வரட்டும், பாப்பம்."

வெயில் வரவில்லை. மூன்று நாள் மூட்டமும் தூறலும். நாலாம் நாள் கதிரோடு நெல் முளைத்தது. வயல் முழுக்க அந்த மணம். விதைநெல்லும் அதற்குள்தான் போயிற்று. அண்ணி குசினி வாசலில் நின்று மெல்லிய குரலில் சொன்னார்: "சனி காலமை பக்கத்து வளவார் வந்து கேட்டவை, தாங்கள் கை தரட்டோ எண்டு. தம்பி வந்திடுவான், அவன் வராமல் முதல் கட்டு வைக்கேலாது எண்டிட்டார். மத்தியானம் வரைக்கும் றோட்டையே பாத்துக்கொண்டு நிண்டவர். நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே."

நான் தலையை ஆட்டினேன்.

அண்ணியின் தமையனுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை இருந்தது. வரச்சொல்லிப் பலமுறை கேட்டும், கடைக்குள் நின்று தனக்கு மூச்சுவிட ஏலாது என்று மறுத்துவந்தவர் அண்ணை. அந்த ஆவணியில் விதைக்க நெல் இல்லாமல் அவர் போனார். வயலை வேறு ஆட்கள் செய்தார்கள். ஒவ்வொரு மாசியிலும் அங்கிருந்து எனக்குக் கடிதம் வரும்: ஊரில் மழை எப்படி, சூடு வைத்தாயிற்றா, முதல் கட்டை நீயாவது போய் வைத்தாயா? பதில் எழுதும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பற்றி எழுத நினைப்பேன். பேனையை எடுத்தால் சுகம் விசாரிப்பதோடு நின்றுவிடும். நேரில் வரும்போது சொல்லலாம் என்றிருப்பேன். வருவார், மீன் வாங்குவார், பிள்ளைகளோடு விளையாடுவார், போய்விடுவார். பதினேழு, பதினெட்டு வருடம் இப்படியே கழிந்தது.

எண்பத்துமூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அந்தக் கடையை எரித்தார்கள். அண்ணை உள்ளே இருந்தார்.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். தீ வைத்தவர்கள் வேறு ஆட்கள், நான் ஒரு படம்தான் பார்த்தேன். எத்தனையோ பேர் இதைச் சொல்லிவிட்டார்கள். நான் மறுப்பதில்லை. ஆனாலும் அண்ணை என் பொய்யை உண்மையென்று நம்பிக்கொண்டே போய்விட்டார். அதை யாரும் எனக்கு மன்னிக்க ஏலாது. மன்னிக்க உரியவர் அவர் ஒருவர்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசியில் ஊருக்குப் போனேன். வயலின் வரம்புகள் அழிந்து, உவர் ஏறி, பற்றை மண்டிக் கிடந்தது. பக்கத்து வளவில் யாரும் இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே வெயில் மறைந்து, மேற்கே கறுத்து, பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. என் கால் தானாக ஓட எழுந்தது. இரண்டடி வைத்துவிட்டு நின்றேன். நனையக்கூடாத ஒன்றும் அந்த வெளியில் மிஞ்சியிருக்கவில்லை.