பால் இல்லாதவள் என்ற பேர்

எங்கள் பேரன் பிறந்த புதிதில் அழவே மாட்டான். சம்பந்தி வீட்டில் பார்த்துவிட்டு வந்து, "புள்ள தங்கமுங்க, யாரு தூக்கத்தையும் கெடுக்கறதில்ல" என்று கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பீற்றிக்கொண்டேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பசித்தும் அழாத குழந்தையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மருமகள் தாய்வீட்டிலிருந்து திரும்பிய அன்று பிள்ளை மெலிந்திருந்தது. மாரில் வைத்தால் இரண்டு வாய் சப்பிவிட்டு ஓய்ந்துவிடும். அன்றைய விருந்துப் பந்தியில், சொந்தக்காரர்கள் முன்னால், அவளைக் கொண்டுவந்து விட்ட சம்பந்தியைக் கேட்டேன்: "ஏனுங்க, பெத்தவளுக்குக் கஞ்சியாச்சும் ஊத்துனீங்களா? பாலிருந்தாத்தான புள்ள குடிக்கும்?"

அவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்து எழுந்தார்.

"பாலிருக்குதுங்க மாமா. அவனுக்குத்தான் உறிஞ்சத் தெம்பில்லீங்க" என்றாள் மருமகள்.

"எங்க வம்சத்துல தெம்பில்லாத புள்ள பொறந்ததில்ல அம்மிணி."

அவள் பிடிவாதத்தால்தான் கோயமுத்தூர் போனோம். மருத்துவர் குழந்தையின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். ஈரத்துணி போல நழுவினான். வயிற்றில் இருந்தபோது உதைத்தானா என்று அவளைக் கேட்டார்.

"ரொம்பக் கம்மிங்க."

எங்களிடமும் சொல்லியிருந்தாள். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை. அப்பாவிடமிருந்து, அதாவது என் மகனிடமிருந்து, வந்த குரோமோசோமில். யார் தப்பும் இல்லை, தற்செயலாக நேர்வது என்றார் மருத்துவர். இப்போது உறிஞ்சத் தெம்பில்லாத இவனுக்கே வளர்ந்தபின் பசி அடங்காதாம்.

ஊரில் கேட்டவர்களிடம் "குரோமோசோம் கோளாறு" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். எந்தப் பக்கத்துக் குரோமோசோம் என்று சொல்லவில்லை. பால் இல்லாதவள் என்ற பேர் அவள் மேலேயே கிடந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மட்டும் வந்தான். பிள்ளையை மடியில் வைத்துக் கடமையை முடித்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினான். என் தங்கை மருமகளைக் கேட்டாள்: "இப்பவாச்சும் பால் ஊறுதா கண்ணு?"

மருமகள் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாமாவக் கேளுங்க அத்தை. காலேசுல பாடம் நடத்துனவரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவகிட்டப் பால் எப்பவும் இருந்துது. இல்லாமப் போன துண்டு எம் பையன் பக்கத்துது" என்றேன். குரல் எழும்பவில்லை. "என்னண்ணா?" என்று தங்கை கேட்டதால் இன்னொரு தரம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. அந்தப் பந்திக்குப் பிறகு சம்பந்தி எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. நானும் இன்னும் அவர் வாசலுக்குப் போகவில்லை.