ஆறாவது தீர்மானம்

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பழைய தீர்மான நோட்டு கிடக்கிறது. நீல அட்டை, முதுகில் துணி ஒட்டியது. அதில் எழுதப்பட்ட கடைசிப் பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். காய்ந்து மஞ்சளாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி எழுதப்பட்டது. தாளைத் திருப்பினால் பின்பக்கம் அந்தத் தடம் விரலுக்குத் தட்டுப்படும். ஒரு தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி போட்ட கையெழுத்து அது. அந்தப் பள்ளி இப்போது இல்லை. நோட்டு பள்ளியின் சொத்து, நான் வைத்திருக்கக் கூடாது. பள்ளியை மூடியபோது மற்றப் பதிவேடுகளையெல்லாம் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டு இதை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். திருட்டு என்றால் திருட்டுதான். இதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

திரேஸ்புரத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது பள்ளி. இரண்டு அறைகள், ஒரு வேப்பமரம், இரண்டு ஆசிரியர்கள். நான் தலைமை ஆசிரியை. என் ஊர் தாமிரபரணிக் கரையில் ஒரு வயக்காட்டு ஊர். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவேன். பதினொரு வருடம் வந்தேன். பெற்றோர் கூட்டம் என்று ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. யாரும் வர மாட்டார்கள். பதிவேட்டில் ‘பெற்றோர் வருகை இல்லை’ என்று எழுதிவிட்டு மூன்றே முக்காலுக்குப் பையைத் தூக்குவேன். கேட்கிறவர்களிடம், “கடக்கரை ஆளுங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறை கிடையாது” என்று சொல்லவும் செய்வேன். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் எல்லா டீச்சரும் அதையேதான் சொன்னோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த அப்பன்மார் எங்கே இருப்பார்கள் என்று எங்களில் ஒருத்திகூட யோசித்ததில்லை.

குழுத் தலைவி பெற்றோரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வருடம் தலைவியைத் தேர்ந்தெடுக்க என்று ஆள் விட்டு வரவழைத்த ஏழெட்டுத் தாய்மாரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மூன்றாம் வகுப்பு மகள் தொலைத்துவிட்டு வந்த ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். தெருத் தெருவாக மீன் விற்கிறவர். “செருப்பு கெடக்கட்டும், உக்காருங்க” என்று உட்கார வைத்தேன். பெயரை எழுதிவிட்டேன். “என்ன டீச்சர், செருப்புத் தேடி வந்தவளப் புடிச்சுப் பட்டங்கட்டிட்டிய” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அது போதும் என்று நினைத்தேன்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன். அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்தார். மீன் சட்டியை வாசலுக்கு வெளியே வைத்தார். குழாயில் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவினார். நேராக வந்து என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற பெண்கள் தரையில் இருந்தார்கள். “தலைவின்னா நாக்காலிலதான உக்காரணும்? எறங்கி உக்காந்தா ஒங்களுக்குத்தான் மரியாதக் கொறவு” என்றார். கையெழுத்துக்காக நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. “வாசிங்க” என்றார்.

“எல்லாம் வழக்கமானதுதான். போடுங்க.”

“நீங்க வாசிங்க டீச்சர். நான் கேட்டுட்டுதான் போடுவேன்.”

அவருக்குத் தன் பெயரை எழுத வரும், அதற்கு மேல் எழுத்து ஓடாது. ஆனால் அதற்காக மட்டும் அவர் வாசிக்கச் சொல்லவில்லை. அவர் பிழைப்பு முழுக்கக் காதால் நடப்பது. காலையில் கரையில் ஏலம் கூறுவார்கள். ஒரு குவியல் மீன், சுற்றிலும் நாற்பது பேர், கூறுகிறவனின் வாயிலிருந்து வந்ததுதான் பேச்சு. தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. கூறியது கூறியதுதான். அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவன் மறுநாள் அந்தக் கரையில் நிற்க முடியாது. என் வாயையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு தீர்மானமாக வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவார். முடிந்ததும் மடக்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, “நாலு. சரியா டீச்சர்?” என்பார். பிறகுதான் பேனாவைத் தொடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். பஸ் போய்விடும்.

மூன்றாவது கூட்டத்தில் வெள்ளிக்கிழமையை மாற்றினார். “ஆம்பளையாளுவ கடல்ல கெடக்கும்போது இங்கன கூட்டம் போட்டா யாரு வருவா? ஞாயித்துக்கெழமை வைங்க. அன்னைக்கு ஒருத்தனும் தொழிலுக்குப் போமாட்டான். பூச முடிஞ்சதும் நான் பத்திட்டு வாரேன்” என்றார். ஞாயிறு எனக்கு விடுமுறை நாள் என்றேன். “மாசத்துல ஒண்ணுதான டீச்சர்” என்றார். சொன்னபடி, மாட்டை ஓட்டுகிற மாதிரி பத்திக்கொண்டுதான் வந்தார். மாதா கோயில் வாசலிலேயே நின்று, “ஏலே, எங்க நழுவுத? ஒம் மவ அஞ்சாங்கிளாஸ் வந்துட்டா, ஸ்கூல் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமாலே ஒனக்கு?” என்று சத்தம் போட்டிருக்கிறார். பதினாலு அப்பன்மார் தேய்த்த சட்டையோடு வந்து, பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவே மாட்டேன். கடலில் எதற்கும் அசராத ஆட்கள், கரும்பலகையைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். ஒருவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, “கக்கூஸ் கதவு” என்றார். நான் மூன்று வருடமாக அந்தக் கதவுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு படகு வேலை செய்கிற இரண்டு பேர் வந்து, ஃபைபர் வைத்து ஒரு கதவு செய்து, படகுக்கு அடிக்கிற நீலத்தை அடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். “கடல்ல போட்டாலும் மெதக்கும் டீச்சர்” என்று தலைவி தட்டிக் காட்டினார். பிள்ளைகள் அதற்கு வள்ளம் என்று பெயர் வைத்தார்கள். “டீச்சர், வள்ளத்துக்குப் போய்ட்டு வாரேன்” என்றுதான் அனுமதி கேட்பார்கள்.

ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: “ஒங்க மவ ஸ்கூல்ல கூட்டம் வச்சா யாரு டீச்சர் போவா?” என் மகள் அப்போது ஏழாவது. அவள் பள்ளிக் கூட்டத்துக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவள் அப்பா வெளிநாட்டில். “போவோம், போவோம்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “நான் வேணா போய்ட்டு வரட்டுமா? நல்லாத் தேச்சுக் குளிச்சிட்டுப் போறேன், மீன் வாட வராது” என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் சிரித்தேன். பஸ்ஸில் போகும்போது கோபம் வந்தது. இவள் யார் என்னைக் கேட்க என்று. அந்தக் கோபத்தை நான் மறக்காமல் வைத்திருந்தேன். பிற்பாடு நான் செய்ததில் அதுவும் சேர்த்தி.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. தெரு முனைக்கே தனியார் பள்ளி வேன் வந்தது. பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். அதிகாரி ஒருவர் காரில் வந்தார். வேப்பமரத்தடியில் நின்றபடியே பேசினார், வகுப்புக்குள் வரவில்லை. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு இதை இணைத்துவிடலாம், குழுவே சம்மதித்துத் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் சிக்கல் இல்லை என்றார். “ஒங்களுக்கும் நல்லதும்மா. ஒங்க ஊர்ப் பக்கத்துலயே எடம் பாத்துத் தாரோம்” என்றார். அந்த ரோட்டில் உப்பு லாரியும் கண்டெய்னர் லாரியும் ஓயாமல் போகும். ஆறு வயதுப் பிள்ளைகள் அதை எப்படிக் கடக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமைகளும் அலுத்துவிட்டன. மேலிடத்தின் நெருக்கடி என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். யாரும் என் கையை முறுக்கவில்லை.

அவசரக் கூட்டம் என்று சொல்லிவிட்டு, அதை ஒரு புதன்கிழமை மதியம் வைத்தேன். ஆண்கள் கடலில் இருப்பார்கள் என்று தெரிந்தேதான் வைத்தேன். ஐந்து பெண்கள் வந்தார்கள். தலைவி விற்பனை முடித்து ஓடி வந்தார். எப்போதும் போல வாசலில் சட்டி, குழாயடியில் இரண்டு தடவை கை. ஏழு தீர்மானங்கள் எழுதியிருந்தேன். “வாசிங்க டீச்சர்” என்று கண்ணை மூடினார். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, மரக்கிளை வெட்டுவது, சத்துணவுக் கூடத்து ஓடு என்று ஐந்து வரை வாசித்தேன். ஐந்து விரல் மடங்கியது. ஆறாவதில் கண் நின்றது. ‘மாணவர் எண்ணிக்கை குறைவினால் இப்பள்ளியை அருகிலுள்ள பள்ளியுடன் இணைக்க இக்குழு முழு மனதுடன் சம்மதிக்கிறது.’ நான் ஏழாவதுக்குத் தாவினேன். அவர் எண்ணுவார் என்று தெரியும், அதனால் ஏழாவதை ஆறாவது என்று வாசித்தேன். ‘வந்திருந்த அனைவருக்கும் நன்றி கூறப்பட்டது.’ அடுத்த கையில் ஒரு விரல் மடங்கியது. “ஆறு. சரியா டீச்சர்?” என்றார்.

“சரி” என்றேன்.

கையெழுத்துப் போடும்போது அவர் மணிக்கட்டில் இருந்த செதில் ஒன்று தாளில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். மை காய்வதற்கு முன்பே நோட்டை மூடிவிட்டேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘குழுவின் ஒப்புதலின்படி’ என்று அதில் இருந்தது. நான் உள்ளே பதிவேடுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மீன் கூவினால் அவர் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. “வெளிய ஒட்டிருக்கத எம் மவ வாசிச்சா. நான் ஒத்துக்கிட்டேன்னு போட்டிருக்காம்லா. நீங்க வாசிச்சதுல அது இல்லையே டீச்சர்” என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “இருந்துச்சு. நீங்கதான் சரியாக் கேக்கல” என்றேன். காதால் பிழைக்கிற ஒருத்தியைப் பார்த்து அதைச் சொன்னேன்.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக மடக்கினார். ஆறோடு நிறுத்தினார்.

“ஏலம் கூறாத மீன எப்பிடி டீச்சர் வித்தீய?”

அவ்வளவுதான் கேட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிள்ளை மட்டும் வாசல்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளை. அந்த அறிவிப்பை அவள் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்திருப்பாள், எனக்குத் தெரியும்.

எனக்கு ஊர்ப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. பழைய பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மா எப்போதாவது போன் பண்ணுவார். “ஏளா தலைவி, ஸ்கூல என்ன வெலைக்குத் தள்ளுன?” என்று தெருவில் கேலி பேசுகிறார்களாம். டீச்சர் ஏமாற்றிவிட்டார் என்று அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லையாம். “கேட்டுட்டுத்தான் போட்டேன்” என்று மட்டும் சொல்வாராம். ஒருநாள் காலை வேறு வேலையாக அந்தப் பெரிய ரோட்டில் பஸ்ஸில் போனேன். வண்டி திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் நடுரோட்டில் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றிருந்தார். எதிரே ஒரு கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு நின்றது. மறு கையில் நீல வலைக்கயிறு. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பதினொரு பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடந்தன. எண்ணினேன். கரையில் ஏலம் நடக்கிற நேரம் அது. “இந்தப் பொம்பளைக்குத் தெனமும் இதே வேல” என்று டிரைவர் ஹாரனை அமுக்கினார். கடைசிப் பிள்ளை கடந்த பிறகுதான் அவர் கையை இறக்கினார். பஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டேன். இறங்கவில்லை.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். அவளுக்கு என்னிடம் பேச என்ன இருக்கிறது? அவள் அப்பா இறந்த பிறகு இந்த வீட்டில் ஃபேன் சத்தம் ஒன்றுதான். பெற்றோர் பங்கேற்பு பற்றிப் பேச ஒரு கூட்டத்துக்கு என்னைப் போனில் அழைத்தார்கள். பதினொரு வருடம் கடற்கரைப் பள்ளியில் இருந்தவராம் நான், அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். வரவில்லை என்று வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு நோட்டை எடுத்தேன். செதில் இருந்த பக்கத்தைத் திறந்து, ஆறாவது தீர்மானத்தை வாய்விட்டு வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல், அவருக்கு வாசிக்கிற சத்தத்தில். வாசித்து முடித்துவிட்டு எதிரே பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. கேட்க ஆளில்லை.