ஆறு நாற்பதுக்கு நின்ற மோட்டர்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ரஞ்சினிக்கு ஒரு வியாதி உண்டு. பழுதான சாமான் திரும்ப வேலை செய்தால் மற்றவர்களுக்குப் போதும். அவளுக்கோ அது ஏன் பழுதானது என்று தெரிந்தால்தான் சோறு இறங்கும். யுத்தத்தில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்பதற்காக அப்பா வேர்க்க வேர்க்க மிதித்துக்கொண்டிருக்க, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவின் முதுகைக் கழற்றியவள் அவள். "கேள்வி கேட்டு வாய் ஓயாத பிள்ளை" என்று மிஷன் பள்ளிக்கூடத்து ரீச்சர் றிப்போட்டில் எழுதினார். அம்மா அதைப் புகழ்ச்சி என்று நினைத்துச் சபையார் எல்லோருக்கும் காட்டினார். பெண் பார்க்க வந்தவருடைய கைமணிக்கூடு பத்து நிமிடம் பிந்தி ஓடுவதைக் கண்டு, தேநீர்த் தட்டை வைத்துவிட்டு அதைக் கழற்றித் தரச் சொன்னாள். அவரும் கொடுத்தார். அவரையே கட்டினாள்.

இப்போது நாற்பத்து நான்கு வயது. வியாதி மட்டும் குறையவில்லை.

போன மாசியில் ஒருநாள் தோட்டக்காரர் தியாகராசா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு பெட்டியோடு வந்தார். அது ரஞ்சினியே பூட்டிக் கொடுத்த பெட்டிதான். கிணற்றடியில் மோட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். உள்ளே ஒரு சிம். தியாகராசா தன் போனில் இருந்து அழைத்தால் மோட்டர் ஓடும், திரும்ப அழைத்தால் நிற்கும். வேறு யாருடைய நம்பருக்கும் அது அசையாது.

"ஒன்பது நாளாய்க் காலமை மோட்டர் தன்பாட்டிலை நிக்குது, பிள்ளை. நான்தான் நிப்பாட்டுறன் எண்டு பஞ்சலிங்கண்ணை சொல்லுறார். என்ரை மகள் தர்சிகாவுக்கு முன்னாலை என்னைத் தண்ணிக் கள்ளன் எண்டிட்டார்."

கிணறு பங்குக் கிணறு. காலை முறை பக்கத்துத் தோட்டத்துப் பஞ்சலிங்கத்துக்கு, பின்னேர முறை தியாகராசாவுக்கு. நாற்பது வருடமாக முறை பிசகியதில்லை. காலையில் தியாகராசாதான் போனில் மோட்டரைப் போட்டுவிடுவார். இப்போது வெங்காயம் பாதி நனைந்து நிற்கும்போது தண்ணீர் நின்றுவிடுகிறது. பஞ்சலிங்கம் தன் காணியில் குழாய்க்கிணறு அடிக்க ஆளும் பேசிவிட்டார். அடித்தால் என்ன நடக்கும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கும் கொஞ்ச நல்ல தண்ணீரை இரண்டு பக்கத்தாலும் இழுத்தால் உவர் ஏறும்; இரண்டு தோட்டமும் போகும்.

ரஞ்சினி பெட்டியை மடிக்கணினியில் கொளுவி, மோட்டர் நின்ற நேரங்களை எடுத்துப் பார்த்தாள். ஆறு நாற்பது. அடுத்த நாளும் ஆறு நாற்பது. ஒன்பது நாளும் ஒரே நேரம், ஒரு அழைப்பும் வராமல். கோபத்தில் செய்கிற மனிதன் இப்படி நேரம் தவறாமல் செய்வானா? அவளுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. ஆனால் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. வியாழக்கிழமை மட்டும் ஏழரைக்கு இரண்டாம் தடவையும் நின்றிருந்தது. அதற்கு முன் ஒரு அழைப்பு. தியாகராசாவின் நம்பர்.

அதை யாரிடமும் சொல்லாமல், கொழும்பில் ஒரு போன் கொம்பனியில் வேலை செய்யும் தம்பி ஏர்னெஸ்டை அழைத்து, ஆறு நாற்பதை மட்டும் சொன்னாள்.

"அக்கா, சிம் எண்டால் வெறும் தகடு இல்லை. அது ஒரு குட்டிக் கொம்பியூட்டர். எந்தக் கொம்பனிக் கோபுரத்தை முதல் தேட வேணும் எண்ட பட்டியல் எல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு. பட்டியல் மாறினால் லட்சக்கணக்கான சனத்தைக் கடைக்குக் கூப்பிடேலுமே? நாங்கள் இஞ்சையிருந்து ஒரு மெசேஜ் அனுப்புவம். அது உங்கடை கண்ணிலை படாது. போன் அதை வாசிக்காமல் அப்பிடியே சிம்மிட்டைக் குடுத்திடும்."

"வேறை ஆரும் அனுப்பினால்?"

"பூட்டித்தான் அனுப்புறது. அந்தப் பூட்டுக்குத் திறப்பு அந்தச் சிம்மிட்டையும் எங்களிட்டையும் மட்டும்தான். திறந்து, எழுதிப்போட்டு, 'புதுசாய்த் தொடங்கு' எண்டு சிம் போனுக்குச் சொல்லும். நல்ல போன் சத்தமில்லாமல் செய்யும்."

"மலிஞ்ச பெட்டி?"

"அணைஞ்சு எழும்பும். மோட்டரும் நிண்டிடும். 'கிடைச்சது' எண்டு மறுமொழி அனுப்ப முதல் அணைஞ்சால், கிடைக்கேல்லை எண்டு நினைச்சு எங்கடை மிசின் அடுத்த நாளும் அதே நேரம் அனுப்பும்."

ரஞ்சினி கதிரையை விட்டு எழும்பியே விட்டாள். கையில் பிடித்துப் பார்க்க முடியாத ஒரு கடிதம் கொழும்பிலிருந்து நாள்தோறும் வெங்காயத் தோட்டத்துக்கு வந்து போயிருக்கிறது! தண்ணீர்ச் சண்டைக்கு இப்படி ஒரு காரணத்தை யார் கண்டார்கள்?

மறுநாள் காலை ஆறரைக்குத் தோட்டக்காரர் இருவரையும் கடைக்கு வரச் சொன்னாள். ஆளை ஆள் பார்க்காமல் வாங்குப் பலகையின் இரண்டு நுனியிலும் இருந்தார்கள். பெட்டியில் மோட்டருக்குப் பதில் ஒரு பல்ப்பைப் பூட்டி எரியவிட்டாள். தியாகராசாவின் போனை வாங்கிப் பஞ்சலிங்கத்தின் கையில் கொடுத்தாள்.

"இறுக்கிப் பிடியுங்கோ, அண்ணை. ஆரும் தொடக் கூடாது."

ஆறு நாற்பதுக்குப் பல்ப் அணைந்தது.

பஞ்சலிங்கம் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரஞ்சினி நடந்ததை விளக்கிச் சொன்னாள். பிறகு சிம்மைக் கழற்றி ஒரு நல்ல போனில் போட்டு, இன்னொரு தடவை அனுப்பும்படி ஏர்னெஸ்டை அழைத்துச் சொன்னாள். சற்று நேரத்தில் சிக்னல் கோடுகள் மறைந்து, திரும்ப வந்தன. மறுமொழி கிடைத்துவிட்டது, இனி அனுப்பாது என்றான் ஏர்னெஸ்ட். இதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்ததே என்று அவளுக்கு உள்ளூரக் குதியாட்டம்.

அப்போதுதான் பஞ்சலிங்கம் கேட்டார்: "நிண்டது எல்லாம் உதாலைதானோ, பிள்ளை?"

'ஓம்' என்ற ஒரு சொல்லில் கிணறு தப்பிவிடும். ஆனால் நேரங்களைக் கண்ணால் பார்த்தவள் அவள். தப்பான மறுமொழியை அவள் வாழ்நாளில் ஒரு மிசினுக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. மனிதருக்கு எப்படிக் கொடுப்பது?

"இல்லை," என்றார் தியாகராசா, நிலத்தைப் பார்த்தபடி. "வியாழக்கிழமை ஏழரைக்கு நிண்டது நான் செய்தது. நீங்கள் கள்ளன் எண்ட கோபத்திலை ஒருக்கால் அமத்திப்போட்டன், அண்ணை."

"எனக்குத் தெரியும்," என்றார் பஞ்சலிங்கம். "ஆறு நாப்பதுக்கு நிப்பாட்டினது ஆரெண்டுதான் தெரியாது. ஏழரை உன்ரை வேலை. வேலியாலை பாத்தனான், போனும் கையுமாய் நிண்டனி. நீ சொல்லுறியோ எண்டு பாக்கத்தான் இஞ்சை வந்தனான். தர்சிகாவுக்கு முன்னாலை உன்னை அப்பிடிச் சொன்னது என்ரை பிழை. வீட்டை வந்து அவளிட்டைச் சொல்லுறன்."

தியாகராசாவின் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். குழாய்க்கிணறு அடிக்கிறவரை அழைத்தார்.

"தம்பி, நாளைக்கு மிசினைக் கொண்டுவர வேண்டாம்."

அந்தப் பக்கத்தில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"இருக்கிற தண்ணி ரெண்டு பேருக்கும் காணும்," என்றார்.