தலை தீபாவளிக்கு ஒரு கொட்டாப்புளி

பிள்ளையார்பாளையத்தில் நமச்சிவாயத்துக்கு இரண்டு பெயர் உண்டு. பட்டு நெய்தால் கை சுத்தம் என்பது ஒன்று. கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம்தான் என்பது இன்னொன்று. இரண்டு பெயரையும் வாங்கிக் கொடுத்தது ஒரே வலது கை.

பதினெட்டு வயதில், படியில் நிற்காதே என்று சொன்ன பஸ் கண்டக்டரின் முன்பல்லை எடுத்தார். கருட சேவைக் கூட்டத்தில் காலை மிதித்தவனின் மூக்கை உடைத்தார். பாவம், அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உடைத்தார். இதெல்லாம் வெளியாட்களுக்கு வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று கிடைத்தது. வீட்டில் மனைவி பெரியநாயகிக்குக் கணக்கே கிடையாது. குழம்பில் உப்பு ஏறினாலும் அடி, தறிப் பாவில் இழை அறுந்தாலும் அடி. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆயுதம். தறியில் உட்கார்ந்திருப்பவர் கையில் என்ன இருக்கும்? நாடாதான் இருக்கும். ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடுகிற மரக்கட்டை, இரண்டு முனையிலும் இரும்பு. அது இடது காதுக்குப் பக்கத்தில் பட்ட நாளிலிருந்து பெரியநாயகிக்கு அந்தக் காது கேட்காது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

தெருவில் கேட்பவர்களுக்கு அவள் ஒரே பதில் வைத்திருந்தாள். "தறியாண்ட நின்னுக்கினு இருந்தேன், நாடா தவறி பட்டுடுச்சுமா." நெசவாளர் தெருவில் இதைப் பொய் என்று யார் சொல்வார்கள்? எல்லார் வீட்டிலும் நாடா எப்போதாவது தவறித்தான் இருக்கிறது. தெருவே நம்பவில்லை, தெருவே தலையாட்டியது. நமச்சிவாயம் அந்தப் பொய்யை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

ஒரே மகள் சுகாசினி. அவள் மேல் ஒரு விரல் பட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அது நிஜம்தான். மற்றதெல்லாம் அவள் கண்ணெதிரில்தான் நடந்தது என்பது மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தேவேந்திரனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, வாலாஜாபாத்தில் வீடு. குடி இல்லை, சீட்டு இல்லை. லீவு நாளில் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கடைசல் மிஷின் போட்டு மரவேலை செய்வது ஒன்றுதான் பொழுதுபோக்கு. கரண்டி, முக்காலி, பம்பரம் என்று கடைந்து தள்ளுவான். குரல்கூட ஏறாத பிள்ளை. "தங்கமான மனுசன்" என்று நமச்சிவாயம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடிக்கு அழைத்து வந்தபோது சுகாசினியின் நெற்றி ஓரத்தில் ஒரு தழும்பு. "அவரு கடைசல் போட்டுக்கினு இருந்தாருப்பா. கட்டை தெறிச்சிடுச்சு." ஆவணியில் முழங்கையில் கட்டு. மறுபடியும் கட்டை தெறித்ததாம். நவராத்திரிக்கு வந்தவள் கொலுப்படி துடைக்கக் குனிந்தபோது ஜாக்கெட்டுக்கு மேலே முதுகில் ஒரு நீளக் கன்றல், கருநீலத்தில். அதுவும் கட்டைதான்.

நமச்சிவாயத்துக்குப் பகீரென்றது. இன்றைக்கு முதுகு, நாளைக்கு ஒரு துண்டு கண்ணில் பாய்ந்தால்? பெற்ற வயிறு மட்டும்தான் எரியுமா, பெற்ற மனசும் எரியும். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவதாக இருந்த மனிதர் அன்றைக்கே மனசை மாற்றிக்கொண்டார்.

"மோதிரம் வாணாம். அந்த மிஷினுக்குத் தடுப்பு கிடுப்பு எதனா இருந்தா வாங்கித் தந்துடறேன். மாப்ளையும் சந்தோசப்படுவாரு, நம்ம பொண்ணு மேலயும் எதுவும் வந்து படாது" என்றார்.

பெரியநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "வாங்குங்க" என்றாள்.

ராஜ வீதிக்குப் பின்னால் ராமராஜன் என்பவர் தச்சு சாமான் கடை வைத்திருந்தார். முப்பது வருடம் தச்சு வேலை பார்த்துவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் கடையில் உட்கார்ந்தவர். பட்டாசு வாங்கும் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் நமச்சிவாயம் அங்கே போய் நின்றார்.

"மாப்ளைக்குத் தலை தீபாவளி. மரவேலையில ரொம்ப ஆசை. கட்டை தெறிக்காம இருக்க ஒரு சாமான் குடுங்க."

ராமராஜன் உற்சாகமாக எழுந்தார். முகத்தில் மாட்டிக்கொள்கிற கண்ணாடி மூடி ஒன்றை எடுத்து வைத்தார். கட்டையை இறுக்கிப் பிடிக்கிற க்ளாம்ப் நான்கு எடுத்து வைத்தார். "மாப்ளைக்கு எங்க பட்டுச்சுண்ணே?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணுக்குத்தான். நெத்தி, முழங்கை, இப்ப முதுகு."

க்ளாம்பைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. ராமராஜன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். மார்பில் ஒரு தழும்பு, முகவாயில் ஒரு தழும்பு, இடது கட்டைவிரலில் நகமே இல்லை.

"முப்பது வருசத்துல எனக்குப் பட்டது இதெல்லாம். எல்லாம் முன்பக்கம். மிஷின் முன்னாடி நிக்கிறவனுக்குத்தான்ணே தெறிக்கும். பக்கத்துல நிக்கிறவங்களுக்கு ஒருதரம் படலாம், இல்லேன்னு சொல்லல. மூணு தரமும் பொண்ணுக்கே பட்டு, ஓட்டறவருக்கு ஒரு கீறல்கூட இல்லியா? அதுவும் முதுகுலயா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலண்ணே. உங்க வூட்டு விசயம்."

நமச்சிவாயத்தின் காதில் கேட்டது ராமராஜனின் குரல் இல்லை, மகளின் குரல். கட்டை தெறிச்சிடுச்சுப்பா. அந்தப் பேச்சின் தாளம் எங்கேயோ கேட்டதாக இருந்தது. எங்கே என்று அவர் தேடவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்தப் பாம்புக்கு அடுத்த பாம்பின் கால்தான் தெரிந்தது, தன்னுடையது தெரியவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் பொண்ணையா, என் பொண்ணையா என்று அதே வார்த்தைதான் உள்ளே ஓடியது.

"அது இன்னா?" என்று சுவரோரம் காட்டினார்.

"கொட்டாப்புளிண்ணே. உளியை அடிச்சு எறக்கறதுக்கு. நல்ல வைரம் பாய்ஞ்ச புளியமரம்."

"அதைக் கட்டுங்க. ரிப்பன் போட்டுக் கட்டுங்க."

ராமராஜன் அவர் முகத்தைப் பார்த்தார். கேட்காமல் கட்டிக் கொடுத்தார். அது அவருடைய தப்புதான், அவருக்கே அது தெரியும்.

தீபாவளிக்கு முதல் நாள் மாப்பிள்ளை வந்தான். கையில் பளபளவென்று தேய்த்த ஒரு மணை. "உங்களுக்குன்னே செஞ்சேன் மாமா. பூசைக்கு உக்காந்துக்கலாம்." நமச்சிவாயம் சிரித்து வாங்கிக்கொண்டார். அவ்வளவு நேரம் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. தெருவில் சரவெடி ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. விளக்கு முன்னால் புது மணையில் தேவேந்திரனும் பக்கத்தில் சுகாசினியும் உட்கார்ந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், பட்டு வேட்டி, அதன் மேல் ரிப்பன் கட்டிய பொட்டலம். மாப்பிள்ளை பொட்டலத்தைப் பிரித்தான். முகம் மலர்ந்தது.

"அடடே, கொட்டாப்புளி. மாமாவுக்குச் சாமான் பார்க்கத் தெரியுதே."

"குடுங்க மாப்ள. கனம் சரியா இருக்குதான்னு பாத்துடலாம்."

வாங்கினார். இடது கையால் அவனுடைய வலது மணிக்கட்டை மணையின் ஓரத்தோடு அழுத்திப் பிடித்தார். வலது கையால் ஓங்கி இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் வெடிச் சத்தத்திலும் தனியாகக் கேட்டது. தேவேந்திரன் வாய் திறந்தும் குரல் வரவில்லை. வருவதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. குங்குமம் சிதறி வேட்டியெல்லாம் சிவப்பு, அதன் மேல் ரத்தம்.

"கட்டை தெறிச்சுதாடா? சொல்றா, தெறிச்சுதா?"

அவன் சுவரோரம் சுருண்டு அலறினான். அலறலுக்கு நடுவே வார்த்தை வந்தது. "நீ அத்தைய அடிக்கலியா? இந்தத் தெருவுக்கே தெரியும். நீ பண்ணா நியாயம், நான் பண்ணா தப்பா?"

நமச்சிவாயம் மூன்றாவது தடவை ஓங்கினார். இந்தத் தடவை தலைக்கு. ஓங்கிய கையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. பெரியநாயகி கொட்டாப்புளியை உருவிக்கொண்டாள்.

"வுடு. இவனுக்காக நீ ஜெயிலுக்குப் போவாத" என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவரை நீ என்றாள். "ஆனா இவன் சொன்னதுல ஒரு பேச்சு நிஜம். இவன் கைக்கு ஆச்சு. உன் கைக்கு?"

அவருக்குப் புரியவில்லை. புரியாதபோது அந்தக் கை என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. தானாக உயர்ந்தது. உயர்ந்த கை அந்தரத்தில் இருக்கும்போது அவர் கண் மகள் மேல் போனது. சுகாசினி கழுத்தை உள்ளே இழுத்து, ஒரு தோளைத் தூக்கிக் கன்னத்தை மூடிக்கொண்டிருந்தாள். அடி அவளுக்கு இல்லை, அம்மாவுக்கு. ஆனாலும் உடம்பு அப்படித்தான் ஒடுங்கியது. பெரியநாயகியும் அதே மாதிரிதான் ஒடுங்குவாள், வருடக்கணக்காக, இதே கூடத்தில்.

"கட்டை தெறிச்சுதுன்னு சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தரலப்பா" என்றாள் சுகாசினி. "கேட்டுக் கேட்டு வந்த பேச்சு அது. கல்யாணம் ஆனா இதான் போலன்னு இருந்துட்டேன்."

கை இறங்கியது. இந்தப் பெண்ணை அடிக்காமல் வளர்த்தேன் என்று மார்தட்டியதெல்லாம் வாயில் மண்ணாகக் கரித்தது. தேவேந்திரன் உடைந்த கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஊர்ந்து போனதை அவர் பார்க்கவே இல்லை.

மணை முன்னால் உட்கார்ந்தார். ரத்தம் பட்ட இடத்திலேயே வலது கையை விரித்து வைத்தார். நாடா பிடிக்கிற கை, சோறு போடுகிற கை.

"அடி" என்றார்.

அவள் நடுங்குவாள், கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டு அழுவாள் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. பெரியநாயகி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி ஒரே அடி அடித்தாள். நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கின. நமச்சிவாயம் அலறிய அலறலில் எதிர்வீட்டு வாசலில் மத்தாப்பு பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடித்தவளேதான் துணி நனைத்துக் கட்டினாள். அடித்தவளேதான் ஆட்டோ கூப்பிட்டாள். மூன்று பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

தீபாவளி நாள், வரிசை முழுக்கப் பட்டாசுக் காயம். இவர்கள் முறை வந்தபோது நர்ஸ் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்துவைத்துக்கொண்டு கையைப் பார்த்தாள்.

"இது வெடி காயம் இல்லியே. எப்படிப் பட்டுச்சு?"

நமச்சிவாயம் பெரியநாயகியைப் பார்த்தார். இவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. அந்த மாதிரி பயம் அவருக்கு வந்து பழக்கமில்லை. வாய் தன்னாலே திறந்தது.

"நாடா தவறி பட்டுடுச்சுமா."

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது. இருபத்தெட்டு வருடம் அவள் சொன்ன பொய், அதே தாளம், வார்த்தை பிசகாமல். தலை கவிழ்ந்துகொண்டது. பிழிந்து எடுத்த மாதிரி அழுகை வந்தது. விரலுக்காக அழுகிறார் என்று நினைத்து நர்ஸ் பஞ்சை எடுத்தாள்.

இடது பக்கம் நின்று அவர் சொன்னது பெரியநாயகிக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அந்த உதட்டசைவு அவளுக்குத் தெரியாததா?

"அவரு பொய் சொல்றாருமா. நான்தான் அடிச்சேன். கொட்டாப்புளியால. அப்படியே எழுதிக்க" என்றாள்.

நர்ஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுகாசினி எழுந்து வந்தாள். புதுப் புடவையின் முந்தானையைத் தோளிலிருந்து இறக்கி முதுகைத் திருப்பினாள்.

"அத எழுதிட்டு என்னுதையும் எழுதணும்" என்றாள். "கட்டை தெறிக்கல. என் வூட்டுக்காரரு அடிச்சாரு. பேரு தேவேந்திரன்."

நர்ஸ் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.