அக்டோபரில் ஓர் ஈஸ்டர் பாட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்கு இரண்டு ஆராதனைகள். முதலாவது காலை எட்டு மணிக்கு, சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன ஆலயத்தில். இரண்டாவது பிற்பகல் மூன்று மணிக்கு, மின்சார ரயிலேறிப் போய், தாம்பரம் பக்கத்து டி.பி. ஆஸ்பத்திரித் தோட்டத்தில், ஒரு புங்க மரத்தடியில். இதற்குப் போதகர் கிடையாது. எல்லாம் அம்மாதான். பாடகர் குழுவில் பதின்மூன்று வயது அக்காவும் நானும் ஆறு வயதுத் தம்பியும். சபையில் அப்பா ஒருவர்தான். அவரும் மாடி வராந்தாவில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

அப்பா பஸ் கண்டக்டர். மயிலாப்பூருக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே நாள் முழுக்க விசில் ஊதிக்கொண்டிருந்தவர். ஆலயத்தில் பாடும்போது அவர் குரல் மற்ற எல்லாக் குரல்களுக்கும் மேலே ஏறி நிற்கும். பின்வரிசைக் கிழவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பெருமையை மறைப்பாள். அந்த மனிதர் ஒரு நாள் பஸ்ஸில் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டுவிட்டார்கள்.

நாங்கள் இருந்த வளவில் ஆறு குடித்தனங்களுக்கு ஒரே குழாய். விஷயம் தெரிந்ததும் எங்கள் குடத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னார்கள். அம்மா வைத்தாள். எங்களோடு பாண்டி ஆடிய பிள்ளைகளை அவர்கள் வீட்டார் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பக்கத்துத் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து வீட்டை ஓட்டினாள். மாலை ஆறு மணிக்குப் பாயை விரித்து எங்களை உட்கார வைத்து ஜெபம் செய்தாள். அப்பா இல்லாத அந்தப் பாயில் எங்கள் பாட்டு மெலிந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். முதல் ஞாயிறு அம்மா மட்டும் உள்ளே போய் வந்தாள். பிறகு எங்களைப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினாள். அப்பா கையை ஆட்டினார். பேசினால் கேட்காத தூரம், கத்திப் பேச அவருக்கு அனுமதியும் இல்லை. தம்பி அழத் தொடங்கினான். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “பேசத்தானே முடியாது? காலையில சர்ச்சுல பாடினோமே, அதப் பாடுங்க” என்றாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்திருந்த பார்வையாளர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நாங்கள் பிச்சைக்குப் பாடுகிறோம் என்று நினைத்துவிட்ட ஒரு கிழவர், பாவம், என் காலடியில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார். தம்பி பாடிக்கொண்டே அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். “இன்னாம்மா இது, ஆஸ்பத்திரில கச்சேரி வச்சிக்கினு கீற?”

“கச்சேரி இல்லண்ணே, ஆராதனை” என்றாள் அம்மா. “அவரால சர்ச்சுக்கு வர முடியாதுல்ல.”

வாட்ச்மேன் மேலே பார்த்தார். அப்பா துண்டை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். “சரி, ஒரு பாட்டோட நிறுத்திக்க” என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் கேட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் இரண்டு பாட்டு பாடினோம். அதற்கடுத்த வாரம் அவர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மெல்ல மெல்ல வராந்தாவில் ஆள் சேர்ந்தது. அப்பாவுக்கு அடுத்த கட்டில்காரர் மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கடை வைத்திருந்தவர். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரைக் கம்பியில் தட்டித் தாளம் போடுவார். எங்கள் ஈஸ்டர் பாட்டு ஒன்றுக்கு வேகமான மெட்டு. சித்திரை வெயிலில் நாங்கள் அதைப் பாடியதிலிருந்து அது அவருக்கு உயிர். வாராவாரம் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவார், அந்தப் பாட்டைப் பாடு என்று அர்த்தம். “அது ஈஸ்டருக்கு மட்டும்தான் பாடணும்” என்று அக்கா கீழேயிருந்து தலையாட்டி மறுப்பாள். அக்காவுக்குச் சட்டதிட்டம் முக்கியம்.

எனக்கு ஆண்டவரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. அப்பா குணமாகும்வரை ஸ்டேஷன் வாசலில் விற்கும் குச்சி ஐஸைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஐந்து மாதம் தாக்குப்பிடித்தேன். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத் தோழி வாங்கிக் கொடுத்த சேமியா ஐஸைத் தின்றுவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு அம்மா அடுப்படியில் வெகுநேரம் முழந்தாளில் நின்றாள். என்னால்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஞாயிறன்று அத்தை வந்து, “இன்னைக்குப் பிள்ளைங்க வேண்டாம் அண்ணி” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் தங்கை அவள், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “பாட்டுக்கு ஆள் வேணுமே” என்று சொல்லி அம்மா எங்களைக் கிளப்பினாள்.

வராந்தாவில் அப்பா நிற்கும் இடம் காலியாக இருந்தது. பூக்காரர் மட்டும் நின்றார். கையில் டம்ளர் இல்லை. அம்மா உள்ளே போய் அரைமணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு திரும்பினாள். “அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். பின்பக்கம் தனி ரூமுக்கு மாத்திட்டாங்க. வாங்க, ஜன்னலுக்குக் கீழ நின்னு பாடலாம்.”

“நாங்க உள்ள போய்ப் பாக்க முடியாதாம்மா?” என்று தம்பி கேட்டான்.

“வீட்டுக்கு வந்ததும் பாத்துக்கலாம்” என்றாள் அம்மா.

காலையில் பெய்த மழையில் பின்பக்கம் முழுதும் சேறு. மாடியில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சாத்தியிருந்தது. அம்மா எங்களை வரிசையில் நிறுத்தி, “ஈஸ்டர் பாட்டு” என்றாள்.

“இது அக்டோபர்மா” என்றாள் அக்கா.

“பரவால்ல. பாடு.”

அக்கா வாயைத் திறக்குமுன் நான் அழுதுவிட்டேன். சேமியா ஐஸ் கதையை முழுக்கச் சொன்னேன். அம்மா குனிந்து என் மூக்கைத் துடைத்தாள். அந்த நாளிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “நீ ஐஸ் தின்னதுக்கு ஆண்டவர் அப்பாவைத் தண்டிப்பாரா? அவர அவ்வளவு சின்னவரா நினைச்சியா? நிமிர்ந்து நின்னு பாடு.”

பாடினோம். மேலே ஜன்னல் அசையவில்லை. மறுபடி தூறல் போட்டது. இரண்டாவது சரணத்தில் வாட்ச்மேன் குடையோடு வருவதைப் பார்த்ததும் நான் குரலைத் தாழ்த்தினேன். அவர் தம்பியின் தலைக்குமேல் குடையைப் பிடித்தார். “பாடும்மா, நிறுத்தாத. மேல நர்சம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னல் திறந்தது. அப்பா தெரியவில்லை, ஒரு நர்சின் வெள்ளைச் சட்டைக் கைதான் தெரிந்தது. அம்மா பல்லவியை எடுத்தாள். அதுவரை அவள் அவ்வளவு சத்தமாகப் பாடி நான் கேட்டதில்லை. அப்பாவின் குரல் இருந்த உயரத்துக்கே அவள் குரல் போயிற்று. அடுத்த வரிக்குக் கட்டடத்தின் முன்பக்கத்திலிருந்து தடதடவென்று டம்ளர் சத்தம் வந்தது. கூடவே ஆண்களின் குரல்கள். பூக்காரர், அவருக்கு அடுத்த கட்டில்காரர், மூச்சிரைக்கும் இன்னும் பத்துப் பதினைந்து பேர். கல்லறை யாருடையது, எழுந்தவர் யார் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, மெட்டு மட்டும் தெரியும். வார்த்தை தெரியாத இடத்தில் தானனா போட்டார்கள். பாதி நுரையீரல்களால் பாடிய பாட்டு அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தது. நாங்கள் நனைந்துகொண்டே மூன்று முறை அதைப் பாடினோம்.

திங்கட்கிழமை அப்பாவின் இடது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் கண் விழித்தார். டிசம்பரில் மறுபடி வராந்தாவுக்கு வந்தார். மார்ச் கடைசியில் வீட்டுக்கே வந்துவிட்டார். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. விசில் ஊத முடியாது என்று டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். குழாயடியில் எங்கள் குடம் தானாகவே முன்னால் நகர்ந்தது. அம்மா அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஈஸ்டர் காலையில் ஆலயம் நிரம்பி வழிந்தது. அப்பா தன் பழைய இடத்தில் நின்றார். பாட்டு தொடங்கியது. முதல் வரியில் அவரிடமிருந்து காற்றுதான் வந்தது. இரண்டாவது வரியில் ஏதோ கரகரத்தது. பல்லவிக்கு வந்தபோது அந்தக் குரல், முன்பிருந்ததில் பாதிகூட இல்லாத குரல், எழும்பிவிட்டது. ஒருவர்பின் ஒருவராகச் சபையார் தங்கள் குரலைத் தணித்து அதற்கு வழிவிட்டார்கள். போதகர்கூட வாயை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் வாசலில் சலசலப்பு. விபூதியும் புதுவேட்டியுமாகப் பூக்காரர், கையில் ஆளுயர ரோஜா மாலை. செருப்பை எங்கே விடுவது என்று யாரையோ கேட்டுவிட்டு நடுவழியே நேராக நடந்து வந்து மாலையை அப்பாவின் கழுத்தில் போட்டார். “நைனா, நாமதான் ஜெயிச்சோம்” என்றார். சபையே சிரித்தது. அப்பாவும் அவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்ய மறந்து நின்றாள்.

நான் கல்யாணமாகி, குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மத்தியானம். அப்பா அடுத்த அறையில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நான், “அன்னைக்கு அப்பாவைக் கிட்டப் போய்ப் பாக்க விடாத அந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு இன்னும் கோபம்மா” என்றேன்.

அம்மா அவரைக்காய் நாரை உரித்தபடி சொன்னாள். “ஆஸ்பத்திரியில விட்டாங்கடி. பிழைக்கிறது கஷ்டம், பிள்ளைங்களக் கூட்டி வந்து கடைசியா ஒரு தடவ காட்டிடுங்கன்னு டாக்டரே சொன்னார். சீட்டுக்கூட எழுதிக் கொடுத்தார். நான்தான் உங்கள உள்ள கூட்டிப் போகல.”